மதியிறுக்கமுடைய குழந்தைகளின் தாய்மாரின் மனநலம்

மதியிறுக்கமுடைய குழந்தைகளின் தாய்மாரின் மனநலம் என்பது, ஆட்டிசம் எனப் பரவலாக அறியப்படும் மதியிறுக்கம் உடைய குழந்தையை வளர்க்கும் தாயின் மனநிலை, அதனைப் பாதிக்கும் காரணிகள், அதனைப் பேணும் வழிமுறைகள் ஆகியவற்றைக் குறிக்கும். உளவியல், மனநல மருத்துவம், சமூகப்பணி ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகிறது. மதியிறுக்கமுடைய குழந்தைகளின் பெற்றோரிடம் மனச்சோர்வும் மனப்பதற்றமும் பிற பெற்றோரைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் குழந்தையின் மதியிறுக்கம் மட்டுமே காரணம் அன்று. தூக்கமின்மை, இடைவிடாத பராமரிப்புப் பணி, உறவினரும் சமூகமும் சுமத்தும் பழி, சேவைகளின் பற்றாக்குறை, தனிமை ஆகியன இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மாற்றக்கூடியவை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் மனநிலையே குழந்தையின் மதியிறுக்கத்திற்குக் காரணம் என்ற கருத்து மருத்துவ உலகில் நிலவியது. அக்கருத்து கைவிடப்பட்ட பின்னரே, தாயின் மனநலம் தனி ஆய்வுப் பொருளாக வளர்ந்தது.

பின்னணி

மதியிறுக்கம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை ஆகும். சமூகத் தொடர்பாடலில் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கமான ஒழுங்கு மாறும்போது துன்புறுதல், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் பொதுவான இயல்புகள். சிலர் பேசுவதில்லை, சிலர் சரளமாகப் பேசுவர். சிலருக்கு அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உடன் இருக்கும். ஆகவே இது ஒரு நிறமாலையாகக் கருதப்படுகிறது. 2021 ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

மதியிறுக்கம் பெரும்பாலும் குழந்தையின் இரண்டு முதல் ஐந்து வயதிற்குள் கவனத்திற்கு வருகிறது. அதன்பின் பயிற்சிகள், பள்ளி, மருத்துவம், வீட்டுப் பராமரிப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு பல சமூகங்களில் தாயையே சேர்கிறது. இதனாலேயே இத்துறை ஆய்வுகளில் பங்கேற்ற பெற்றோருள் பெரும்பான்மையினர் தாய்மார் ஆவர்.

வரலாறு

தாய்மீது சுமத்தப்பட்ட பழி

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943 ஆம் ஆண்டில் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையே மதியிறுக்கத்தைத் தனி நிலையாக அடையாளம் காட்டியது. இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று அக்கட்டுரையில் அவர் கருதினார். ஆயினும் இக்குழந்தைகளின் பெற்றோர் பலர் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்றும் குறிப்பிட்டார். 1949 இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்களுக்கு அக்குழந்தைகளை ஒப்பிட்டார். இதிலிருந்தே "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்ற தொடர் பரவியது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967 இல் வெளியிட்ட "வெற்றுக் கோட்டை" என்ற பொருள்படும் நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அவர் 1938-39 ஆம் ஆண்டுகளில் நாசி வதைமுகாம்களில் அடைபட்டிருந்தவர். முகாம் கைதிகளின் ஒடுங்கிய மனநிலையுடன் மதியிறுக்கமுடைய குழந்தைகளின் நிலையை அவர் ஒப்பிட்டார். இவ்வொப்பீட்டில் தாய் முகாம் காவலரின் இடத்தில் வைக்கப்பட்டார். இக்கருத்து செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதும், தாயை நெடுங்கால உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்துவதும் சிகிச்சையாகக் கருதப்பட்டன. அந்நாளைய தாய்மார் சிலரின் வாழ்வை 2002 இல் வெளியான "குளிர்பதனப் பெட்டித் தாய்மார்" என்ற பொருள்படும் அமெரிக்க ஆவணப்படம் பதிவு செய்துள்ளது.

பெற்றோரின் மறுப்பு

இக்கருத்தை முறியடித்ததில் பெற்றோரின் பங்கு பெரிது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லண்ட், மதியிறுக்கமுடைய மகனின் தந்தை ஆவார். இவர் 1964 இல் வெளியிட்ட நூலில், மதியிறுக்கம் நரம்பியல் அடிப்படை கொண்டது என வாதிட்டார். அந்நூலுக்குக் கானரே முன்னுரை எழுதினார். 1965 இல் ரிம்லண்டும் ரூத் சல்லிவன் உள்ளிட்ட பெற்றோரும் இணைந்து மதியிறுக்கமுடைய குழந்தைகளுக்கான தேசியச் சங்கத்தை அமெரிக்காவில் தொடங்கினர். ஏழு குழந்தைகளின் தாயான சல்லிவன் அதன் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஆனார். 1969 இல் இச்சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோரைப் பழியிலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார்.

பிரித்தானியாவில் 1962 இல் பெற்றோர் சங்கம் உருவானது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவரும் மதியிறுக்கமுடைய மகளின் தாயும் ஆவார். பின்னாளில் மதியிறுக்கத்தை ஒரு நிறமாலையாகக் காணும் பார்வையை வளர்த்தவர் இவரே. அமெரிக்கரான கிளாரா கிளைபோர்ன் பார்க், தன் மகளை வளர்த்த அனுபவத்தை 1967 இல் நூலாக வெளியிட்டார். பெட்டல்ஹெய்மின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், ஒரு தாயின் நேரடிச் சான்றாக இந்நூல் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.

1977 இல் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆய்ந்து வெளியிட்ட முடிவுகள் அறிவியல் நோக்கில் திருப்புமுனை ஆயின. ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்கும் மதியிறுக்கம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. வளர்ப்பு முறையே காரணமாயின் இவ்வேறுபாடு எழ இயலாது. டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இசுரேல், மேற்கு ஆசுத்திரேலியா ஆகிய இடங்களின் பதிவுகளைக் கொண்டு 2019 இல் வெளியான ஆய்வு, 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளை உள்ளடக்கியது. மதியிறுக்கம் ஏற்படுவதில் மரபுக் காரணிகளின் பங்கு சுமார் 80 விழுக்காடு என்றும், தாய்வழி விளைவுகளின் தனிப் பங்கு இல்லை அல்லது மிகச் சிறிது என்றும் அது மதிப்பிட்டது.

பழியின் பிற வடிவங்கள்

பழைய கோட்பாடு கைவிடப்பட்ட பின்னரும் தாயைக் காரணமாகக் காட்டும் போக்கு வேறு வடிவங்களில் தொடர்கிறது. 1998 இல் 12 குழந்தைகளைக் கொண்டு வெளியான ஒரு கட்டுரை, தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ருபெல்லா தடுப்பூசியை மதியிறுக்கத்துடன் தொடர்புபடுத்தியது. அக்கட்டுரையை வெளியிட்ட "லான்செட்" இதழ் 2010 இல் அதனைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில், குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் சென்ற தாய்மார் பலர் தம்மையே நொந்துகொண்டனர்.

2025 செப்டம்பரில், கர்ப்ப காலத்தில் தாய் உட்கொள்ளும் பாராசிட்டமால் மதியிறுக்கத்துடன் தொடர்புடையது என்ற கருத்தை அமெரிக்க அரசு முன்வைத்தது. சுவீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆய்ந்து 2024 இல் வெளியான ஆய்வில், ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

ஆய்வு முடிவுகள்

பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2020 இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, மதியிறுக்கமுடைய குழந்தைகளின் பெற்றோருள் சுமார் 31 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வுக் கோளாறும் 33 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறும் இருப்பதாக மதிப்பிட்டது. வேறு வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ள குழந்தைகளின் பெற்றோருடன் ஒப்பிடும்போதும் இவர்களது மன அழுத்தம் கூடுதலாக உள்ளதாக 2013 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மதியிறுக்கமுடைய வளரிளம் பருவத்தினர், வயது வந்தோர் ஆகியோரின் தாய்மாரை எட்டு நாட்கள் தொடர்ந்து தொலைபேசிவழி வினவினர். 2010 இல் வெளியான முடிவுகளின்படி, இத்தாய்மார் பராமரிப்பிலும் வீட்டுவேலையிலும் பிற தாய்மாரைவிடக் கூடுதல் நேரம் செலவிட்டனர். ஓய்வு நேரம் குறைவாகவும், களைப்புற்ற நாட்கள் அதிகமாகவும் இருந்தன. அதே குழுவினர் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற இயக்குநீரின் அளவையும் ஆய்ந்தனர். இத்தாய்மாரிடம் அதன் அளவு வழக்கத்தைவிடக் குறைந்து காணப்பட்டது. நெடுங்காலம் ஓயாத அழுத்தத்திற்கு உள்ளானவர்களிடம் இத்தகைய குறைவு காணப்படுவதுண்டு. அழுத்தம் மனத்தளவில் மட்டும் நிற்பதில்லை, உடலிலும் பதிகிறது என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வாய்வுகளின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. மேற்கூறிய எட்டு நாள் ஆய்வில், அன்றாடம் கிடைத்த இனிய அனுபவங்களின் எண்ணிக்கையில் இத்தாய்மார் பிறருக்குக் குறைந்தவராக இல்லை. மூன்றில் ஒரு பங்கினருக்கு மனச்சோர்வு என்னும் மதிப்பீடு, எஞ்சிய மூன்றில் இரு பங்கினருக்கு அது இல்லை என்பதையும் குறிக்கிறது.

மனநலத்தைப் பாதிக்கும் காரணிகள்

தூக்கமின்மை

மதியிறுக்கமுடைய குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல்கள் உள்ளன. உறங்க நெடுநேரம் ஆதல், நள்ளிரவில் விழித்து மணிக்கணக்கில் உறங்காதிருத்தல், விடியுமுன் எழுதல் ஆகியன இவற்றுள் அடங்கும். குழந்தை விழித்திருக்கும்வரை தாயும் விழித்திருக்க நேர்கிறது. கதவைத் திறந்து வெளியே சென்றுவிடக்கூடிய குழந்தையாயின், உறங்கும்போதும் தாயின் செவி விழித்தே இருக்கிறது. நீண்டகாலத் தூக்கக் குறைவு வேறு காரணம் இன்றியே மனச்சோர்வுக்கு இட்டுச் செல்லக்கூடியது.

குழந்தையின் நடத்தை

தாயின் அழுத்தம் மதியிறுக்கத்தின் கடுமையைவிட, தன்னையே அடித்துக்கொள்ளுதல், பிறரைத் தாக்குதல், கட்டுக்கடங்காத கொந்தளிப்பு போன்ற நடத்தைச் சிக்கல்களுடனேயே நெருங்கிய தொடர்பு உடையது எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தொடர்பு இருவழிப்பட்டது. நடத்தைச் சிக்கல் தாயின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் மிகுந்த சூழல் நடத்தைச் சிக்கலைக் கூட்டுகிறது. ஆகவே சுழலின் எந்தப் பக்கத்தில் உதவி கிடைத்தாலும் அது இருவருக்கும் பயன்படக்கூடும்.

பழியும் தனிமையும்

தெற்காசியக் குடும்பங்களில், குழந்தை பேசத் தாமதமானால் தாயின் வளர்ப்பு, அவர் வேலைக்குச் செல்வது, குழந்தையிடம் கைபேசியைக் கொடுத்தது எனக் காரணங்கள் அடுக்கப்படுவதுண்டு. அவர் அக்கறையுடன் மருத்துவரை நாடினாலோ, இல்லாத நோயை உண்டாக்குவதாகக் கூறப்படுவதும் உண்டு. "இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்ற ஆறுதல், உதவி தேடுவதைத் தள்ளிப்போடச் செய்கிறது. பொது இடத்தில் குழந்தை கொந்தளிக்கும்போது மற்றவர்களின் பார்வை தாயின்மீதே விழுகிறது. திருமணம், கோயில் திருவிழா, பேருந்துப் பயணம் ஆகியவற்றைத் தவிர்க்கத் தொடங்கும் குடும்பம் படிப்படியாகத் தனிமைப்படுகிறது. இவ்வாறு ஒருவருக்குரிய களங்கம் அவரைச் சார்ந்தவருக்கும் பரவுவதைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963 இல் விளக்கினார்.

வருமான இழப்பு

பயிற்சி வகுப்புகளுக்கு அழைத்துச் செல்வதற்காகத் தாய் வேலையை விடும்போது குடும்ப வருமானம் குறைகிறது. அதே வேளையில் செலவு கூடுகிறது. வேலையுடன் சேர்த்து, வீட்டிற்கு வெளியேயான அவரது அடையாளமும் நட்பும் இழக்கப்படுகின்றன.

துயரமும் எதிர்கால அச்சமும்

அமெரிக்க ஆய்வாளர் சைமன் ஒல்சான்ஸ்கி, குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் காணப்படும் ஓயாத் துயரம் நோய் அன்று, இயல்பான எதிர்வினையே என 1962 இல் எழுதினார். முதல் பள்ளிநாள், உறவினர் குழந்தையின் திருமணம் போன்ற தருணங்களில் இத்துயரம் மீண்டும் தலைதூக்குவதுண்டு. குழந்தை வளர வளர, "எனக்குப் பின் யார்?" என்ற கேள்வி தாயின் முதன்மைக் கவலையாகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

களைப்பும் அவ்வப்போதைய அழுகையும் கடினமான சூழலுக்கு இயல்பான எதிர்வினைகள். பின்வருவன பெரும்பாலான நாட்களில், இரு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மனச்சோர்வாக இருக்கலாம்.

* முன்னர் மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமின்மை
* குழந்தை உறங்கிய பின்னும் தாய்க்கு உறக்கம் வராமை, அல்லது எந்நேரமும் உறக்கம்
* பசியின்மை அல்லது அளவுக்கு மீறி உண்ணுதல்
* தன்னைப் பயனற்றவர், தோற்றவர் எனக் கருதுதல்
* சிறு முடிவும் எடுக்க இயலாமை
* சாவைப் பற்றிய எண்ணம், அல்லது தானும் குழந்தையும் இல்லாதிருப்பதே நல்லது என்ற எண்ணம்

இறுதியில் குறிப்பிட்டது அவசர உதவி தேவைப்படும் நிலை ஆகும். இவ்வெண்ணம் தோன்றுவது தீய தாய் என்பதற்கான சான்று அன்று; அது மருத்துவம் தேவைப்படும் அறிகுறி. அதனை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதும், உடனடியாக மனநல மருத்துவரை அணுகுவதும், அதுவரை தாய் தனித்திருக்காமல் பார்த்துக்கொள்வதும் உயிர்காக்கும் நடவடிக்கைகள்.

மனநலத்தைப் பேணும் வழிமுறைகள்

தூக்கத்தைச் சீர்செய்தல்

குழந்தையின் தூக்கச் சிக்கலைக் குழந்தை மருத்துவரிடம் தனியே எடுத்துக் கூறுவது முதற்படி. மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், வலிப்பு, இரும்புச்சத்துக் குறைவு போன்ற உடற்காரணங்கள் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கில் படுக்கைக்குச் செல்லுதல், மாலைக்குப் பின் திரைகளைத் தவிர்த்தல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. இவை போதாதபோது மருத்துவர்கள் மெலட்டோனின் வழங்குவதுண்டு. அதனைத் தாமாக வாங்கிக் கொடுத்தல் கூடாது. இரவுப் பொறுப்பைத் தாயும் தந்தையும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டால், வாரத்தில் சில இரவுகளாவது ஒருவர் முழுமையாக உறங்க இயலும்.

பொறுப்பைப் பகிர்தல்

பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்டவரிடம் ஒப்படைப்பது பயன்தருகிறது. எடுத்துக்காட்டாக, செவ்வாய்க்கிழமைப் பேச்சுப் பயிற்சிக்குத் தந்தை அழைத்துச் செல்லுதல், மாலை ஒரு மணி நேரம் பாட்டி குழந்தையுடன் இருத்தல் போன்றவற்றைக் கூறலாம். குழந்தையின் தேவைகள், பிடிக்காத ஒலிகள், உணவு, அமைதிப்படுத்தும் முறை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்தால், தாய் இல்லாத வேளையிலும் பிறர் பார்த்துக்கொள்ள இயலும். குழந்தையின் அனைத்து இயல்புகளையும் ஒருவர் மட்டுமே அறிந்திருக்கும் வீட்டில் அவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

பராமரிப்பாளர் ஓய்வு பெறும்பொருட்டுக் குழந்தையைப் பயிற்சி பெற்றவர்கள் சில மணி நேரமோ சில நாட்களோ கவனித்துக்கொள்ளும் சேவை சில நாடுகளில் அரசின் ஆதரவுடன் இயங்குகிறது.

தாய்மார் குழுக்கள்

ஒத்த நிலையிலுள்ள தாய்மார் கூடிப் பேசுவது தனிமையைக் குறைக்கிறது. எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் போன்ற செய்திகளும் இத்தகைய குழுக்களின் வழியே கிடைக்கின்றன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மதியிறுக்கமோ பிற குறைபாடுகளோ உடைய குழந்தைகளின் தாய்மார் 243 பேர் பங்கேற்றனர். அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மூச்சையும் உடலுணர்வையும் கவனிக்கும் மனக்கவனப் பயிற்சியும், மறு பிரிவினருக்குக் குற்றவுணர்வு, கவலை ஆகியவற்றைக் கையாளும் பயிற்சியும் ஆறு வாரங்கள் அளிக்கப்பட்டன. இரு பிரிவிலும் மன அழுத்தம், மனச்சோர்வு, பதற்றம் ஆகியன குறைந்தன. பயிற்சி அளித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். முன்னரே பயிற்சி பெற்ற, இத்தகைய குழந்தைகளின் தாய்மாரே ஆவர்.

குழந்தையுடன் தொடர்பாடும் பயிற்சி

குழந்தையைப் புரிந்துகொள்ளப் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்கும் திட்டங்கள் உள்ளன. இந்தியாவின் கோவா, பாக்கித்தானின் இராவல்பிண்டி ஆகிய இடங்களில் 65 குழந்தைகளுடன் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், சிறப்பு மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே இப்பயிற்சியை வீடுகளில் அளித்தனர். குழந்தையின் செயலுக்கு இசைந்து பெற்றோர் நடந்துகொள்வதும், குழந்தை தானாகத் தொடர்பாடத் தொடங்குவதும் கூடியதாக அவ்வாய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட பராமரிப்பாளர் திறன் பயிற்சித் திட்டத்தில் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் உள்ளன. பராமரிப்பாளரின் நலமும் அதில் பாடமாக இடம்பெற்றுள்ளது.

மருத்துவ உதவி

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உளவளத்துணை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, மருந்துகள் ஆகியன பயனுள்ளவை. குழந்தைக்குப் பாலூட்டும் தாயும், மீண்டும் கருவுற்ற தாயும் அதனை மருத்துவரிடம் தெரிவித்தால் ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலும். குருதிச்சோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வைப் போன்ற களைப்பை உண்டாக்குவதால் அவற்றையும் சோதிப்பது வழக்கம்.

போலிச் சிகிச்சைகளிலிருந்து காத்துக்கொள்ளல்

முழுமையாகக் குணமாக்குவதாகக் கூறி விற்கப்படும் சிகிச்சைகள் தாயின் குற்றவுணர்வைப் பயன்படுத்திக்கொள்கின்றன. உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் சிகிச்சையின்போது 2005 இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மதியிறுக்கத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை என இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அறிவித்தது. இத்தகைய சிகிச்சை ஒன்றை மறுப்பது குழந்தைக்காக எதையும் செய்யத் தவறியது ஆகாது.

இந்தியாவில் நிலை

இந்தியாவிலும் மதியிறுக்கத்துக்கான சேவைகள் பெரும்பாலும் பெற்றோரின் முயற்சியால் தோன்றியவை. மதியிறுக்கமுடைய மகனின் தாயான மேரி பரூவா 1991 இல் தில்லியில் "ஆக்சன் ஃபார் ஆட்டிசம்" அமைப்பை நிறுவினார். தாயும் குழந்தையும் ஒன்றாகப் பயிலும் முறையை இவ்வமைப்பு நடத்தி வந்தது. தொலைவிலிருந்து வந்து பயின்ற தாய்மாருள் சிலர் தத்தம் ஊர்களில் பயிற்சி மையங்களைத் தொடங்கினர்.

1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியன உடையோரின் நலனுக்காக இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. "எனக்குப் பின் யார்?" என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடைகளுள் இது ஒன்றாகும். இதன் "நிராமயா" காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவை ஏற்கிறது. பயிற்சிச் சிகிச்சைகளின் செலவும் இதில் அடங்கும்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கவும் அது வகைசெய்கிறது. நடுவண் அரசின் பெண் ஊழியர்கள் பணிக்காலத்தில் 730 நாட்கள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெறலாம். குறைபாடுள்ள குழந்தைக்கு இதில் வயது வரம்பு இல்லை. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், குறைபாடுள்ள குழந்தைகளை வளர்க்கும் தாய்மாருக்கு இவ்விடுப்பு வழங்குவதைப் பரிசீலிக்குமாறு அம்மாநில அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. முறைசாராத் தொழில்களில் உள்ள தாய்மாருக்கு இத்தகைய விடுப்பு இல்லை.

2013 இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்படுகின்றனர். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட "டெலி மானஸ்" தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் மனநல ஆலோசனை பெறலாம்.

மாற்றுப் பார்வைகள்

மதியிறுக்கமுடைய குழந்தையை ஒரு சுமையாகவே சித்தரிக்கும் எழுத்துக்களை மதியிறுக்கமுடையோர் பலர் எதிர்க்கின்றனர். அவர்களுள் ஒருவரான ஜிம் சின்கிளேர் 1993 இல் எழுதிய கட்டுரையில், பெற்றோர் துயருறுவது தாம் எதிர்பார்த்துக் காத்திருந்த குழந்தை பிறக்காததற்காக என்றும், அத்துயரை எதிரே நிற்கும் குழந்தையின்மீது ஏற்றக்கூடாது என்றும் வாதிட்டார். மதியிறுக்கமுடைய தாய்மாரும் உள்ளனர். குழந்தையின் மதியிறுக்கம் கண்டறியப்பட்ட பின்னரே தம் நிலையை அறிந்துகொள்ளும் பெண்கள் உண்டு. சத்தம், கூட்டம், தொடர் உரையாடல் ஆகியவற்றால் களைத்துப்போகும் இவர்களுக்குத் தாய்மார் குழுக்களைவிட அமைதியான தனிநேரமே ஓய்வாகலாம்.

தாயின் மனநலத்தைக் குழந்தையின் முன்னேற்றத்திற்கான கருவியாக மட்டும் காணும் போக்கும் விமரிசிக்கப்படுகிறது. "நீங்கள் நன்றாக இருந்தால்தான் குழந்தை நன்றாக இருக்கும்" என்ற அறிவுரை நல்நோக்குடன் கூறப்படினும், தாய் சோர்வடைவதையே மற்றொரு குற்றமாக்கிவிடக்கூடும். தூக்கம், ஓய்வு, மருத்துவம் ஆகியன எந்த மனிதருக்கும் உரியவை போலவே தாய்க்கும் உரியவை என்பதும், அவை கிடைக்கச் செய்வது குடும்பம், பணியிடம், அரசு ஆகியவற்றின் பொறுப்பும் ஆகும் என்பதும் இவ்விமரிசனத்தின் சாரம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* மதியிறுக்கம்
* மனச்சோர்வு
* உளவளத்துணை
* மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016